கம்பி மட்டும் அறிந்த கணினிக்குக் கம்பியில்லாத் தொடர்பு

ஊராட்சி அலுவலகங்களுக்குக் கணினி வந்து சேர்ந்துவிட்டது. கணினியுடன் இணையத் தொடர்பும் வந்து சேர்ந்ததா என்று வினவினால், எல்லா ஊர்களிலிருந்தும் ஒரே விடை கிடைப்பதில்லை. சில ஊர்களில் தொடர்பு ஒரு கட்டடத்திலும் கணினி வேறொரு கட்டடத்திலுமாக இருக்கின்றன. இன்னும் சில ஊர்களில் தொடர்பு காற்றில் உலவிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு கணினியிடம் இல்லை. பெட்டியின் பின்புறத்தில் கம்பியைச் செருகுவதற்கான துளை ஒன்று மட்டுமே உண்டு. இத்தகைய கணினியைத் துணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டு, ஊராட்சிச் செயலர் காகிதக் கட்டுகளுடன் ஒன்றிய அலுவலகத்திற்குப் பேருந்து ஏறுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அக்கணினியை எவ்வாறு பயனுக்குக் கொண்டுவரலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள பகுதியையும் அதையடுத்த மலையடிவார ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். அங்குள்ள நிலைமை, குன்றோரத்தில் அமைந்த எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்துவதே.

இது அலுவலகத்தாரின் வசதியைப் பற்றிய செய்தி என்று உறுப்பினர்கள் எண்ணிவிடலாகாது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தேசிய ஊராட்சி தினத்தன்று, மத்திய அரசு 'இ-கிராம் சுவராஜ்' என்னும் தளத்தைத் தொடங்கியது. ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டம் அதில்தான் பதிவாகிறது. நிதிக்குழு மானியத்திலிருந்து செய்யப்படும் செலவுகளுக்கான தொகையும் மின்னணுக் கையொப்பத்துடன் அதன் வழியாகவே செல்கிறது. ஆகவே தொடர்பு நின்றால் கணக்கும் நிற்கும். கணக்கு நின்றால் வேலையும் நிற்கும். ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் பழுதாயிற்று. பழுது நீக்கியவருக்குச் சேரவேண்டிய தொகை, வேறெந்தத் தடையும் இல்லாதிருந்தும், தொடர்பு இன்மையால் மூன்று வாரங்கள் தாமதமாயிற்று. அடுத்த முறை மோட்டார் நின்றபோது அவர் வருவதற்குத் தயங்கினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அத்தெருப் பெண்கள் நான்கு நாட்கள் வயற்கிணற்றிலிருந்து குடம் சுமந்தனர். உழவர்களுக்கோ சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு ஆகிய யாவும் இன்று இணையத்தின் வழியாக நடைபெறுகின்றன. காப்பீட்டிற்குரிய கடைசி நாளன்று 'இன்று லைன் இல்லை' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிச் செல்பவரின் இழப்பைப் பின்னர் எவராலும் ஈடு செய்ய இயலாது.

கம்பியும் காற்றும்

கணினியின் பின்புறத்திலுள்ள துளைக்கு 'ஈதர்நெட்' துளை என்று பெயர். தொலைபேசிக் கம்பி செருகும் துளையைப் போன்றே தோன்றும். ஆயினும் சற்றுப் பெரியது. உள்ளே எட்டு உலோக நாக்குகள் இருக்கும். கடைகளில் 'லான் கேபிள்' என்று கேட்டால் இதற்குரிய கம்பியைத் தருவார்கள். இக்கம்பி 100 மீட்டர் நீளம் வரை செவ்வனே வேலை செய்யும். அதற்கு மேற்பட்டால் இடையில் வேறொரு கருவி வேண்டும்.

கம்பி முறை முந்தியது, கம்பியில்லா முறை அதன்பின் தோன்றியது என்றே பலரும் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறன்று. பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1971-ஆம் ஆண்டு தீவுக்குத் தீவு கணினிகளை வானொலி அலையால் இணைத்தனர். 'அலோஹாநெட்' என்பது அதன் பெயர். எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினால் மோதல் நேருமன்றோ? மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடியும் பேசுக என்பதே அவர்கள் வகுத்த விதி. இக்கருத்தைக் கண்டு ஊக்கம் பெற்ற ராபர்ட் மெட்காஃப் 1973-இல் அமெரிக்காவில் அதையே கம்பிக்குள் செலுத்தினார். 'ஈதர்' என்பது ஒளியைத் தாங்கிச் செல்வதாக முற்கால விஞ்ஞானிகள் நம்பிய வெளி. அப்பெயரைக் கம்பி வலைக்குச் சூட்டினார். எனவே கம்பிக் கணினிக்குக் காற்றின் வழித் தொடர்பு தருவதென்பது புதுமையான செயலன்று. பிறந்த வீட்டுக்கு அழைத்துச் செல்வதே எனலாம். வைஃபை எனப்படும் இன்றைய முறைக்கான முதல் தரவிதி 1997-இல் வெளிவந்தது.

நம் நாட்டில் முன்னர் நடந்தவை

தமிழ் மண்ணிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் சிற்றூர் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுநிலையம், அதிலிருந்து சுற்றியுள்ள ஊர்களின் கணினிகளுக்கு வானொலிக் கருவி வழியாகச் செய்தி சென்றது. தொலைபேசி கிடைத்த இடத்தில் தொலைபேசி, கிடைக்காத இடத்தில் வானொலி, மின்சாரம் நம்பத் தகாத இடத்தில் சூரிய ஒளிப் பலகை என்று கிடைத்ததைக் கொண்டு அவர்கள் காரியம் பார்த்தனர். எம்பலத்தில் கோயிலிலேயே மையம் நடந்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு உரக்க ஒலிபரப்பினர். ஊர்ப் பூங்காவில் வானொலிப் பெட்டி ஒலித்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியோர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றியிராது.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் நடந்த மற்றொரு முயற்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. சென்னை ஐ. ஐ. டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியிருந்தனர். ஊரின் கூரைமேல் சிறு ஆண்டெனா. அதிலிருந்து சுவரில் மாட்டிய பெட்டிக்கு ஒரு கம்பி. பெட்டியில் தொலைபேசிக்கு ஒரு துளை, கணினிக்கு ஒரு துளை. கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டர் வரை அது எட்டியது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய கைபேசியின் வேகத்தோடு ஒப்பிட்டால் நத்தை போன்றதே. ஆயினும் கணினியில் ஏதொன்றையும் மாற்றாமல், வெளியே ஒரு கருவியை வைத்து அதன் வாலைக் கணினிக்குள் செருகுவது என்ற வழி அன்றே நம் சிற்றூர்களில் நடைமுறையில் இருந்தது.

மூன்றாவதாகக் குறிப்பிடத் தக்கது தேனி அரவிந்த் கண் மருத்துவமனை. 2000-களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள், சாதாரண வைஃபை கருவிகளையே உயர்ந்த கோபுரங்களில் திசை நோக்கிய ஆண்டெனாக்களுடன் பொருத்தி, மருத்துவமனையைச் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கண்பார்வை மையங்களோடு இணைத்தனர். நோயாளி தம் ஊரிலேயே அமர்ந்திருக்க, மருத்துவர் தேனியிலிருந்து முகம் பார்த்துப் பேசினார். அவர்கள் கற்ற பாடங்களுள் ஊராட்சிகள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கருவிகளை அழித்தவை பெரும்பாலும் அலையின் குறைபாடுகள் அல்ல, மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வுகளே. இதைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

மலையடிவாரத்தின் நிலை

ரமணாசிரமம், திருவண்ணாமலை நகரின் தென்மேற்கே செங்கம் சாலையில், மலையின் காலடியில் உள்ளது. மலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மலை, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரமுள்ள பாறை. வானொலி அலை இப்பாறையை ஊடுருவிச் செல்லாது. ஆகவே மலைக்கு ஒரு புறம் உள்ள கைபேசிக் கோபுரம் மறுபுறத்து ஊருக்குப் பயன்படுவதில்லை. ஒரே தெருவில் நான்கு வீடுகள் தள்ளி அலை நன்றாக எட்டுவதும், பாறை மறைவிலுள்ள வீட்டில் முற்றிலும் எட்டாமையும் இதனால் விளைபவையே. கருங்கல் சுவர், தகரக் கூரை, மழையில் நனைந்த புளிய மரம் ஆகியவையும் அலையைப் பெரிதும் குறைக்கும்.

இரண்டாவது இடர் கூட்டம். பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்கு இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். கார்த்திகைத் தீபத்தின்போது அதனினும் அதிகம். வருவோர் ஒவ்வொருவரிடமும் கைபேசி உண்டு. கோபுரம் ஒன்றன் அலை அத்தனை பேருக்கும் பங்கிடப்படுவதால், பகல் முழுதும் வேகமாக ஓடிய கைபேசி இணையம் மாலையில் ஊர்ந்து நிற்கும். எனவே இப்பகுதியிலுள்ள ஊராட்சிகள் கைபேசியின் இணையத்தை மட்டும் நம்பிப் பணம் செலுத்தும் வேலையைப் பௌர்ணமி மாலைக்கு ஒதுக்கி வைத்தல் கூடாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து அலுவல் நாளை வகுப்பது அரசாங்க வேலைக்கும் சில வேளைகளில் பொருத்தமே.

மூன்றாவது இடரைச் சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். அது குரங்கு. கட்டடத்துக்குக் கட்டடம் கூரைமேல் இழுத்த கம்பி எத்தனை நாள் தாங்கும் என்பதை இப்பகுதியினர் நன்கு அறிவர். சாலையைத் தோண்டிக் கம்பி புதைக்கலாமெனில் அதற்கு அனுமதியும் செலவும் வேண்டும். ஐம்பது மீட்டர் தூரத்துக்குக் கம்பியில்லா வழியே சிக்கனமானது என்ற முடிவுக்கு நாம் வந்ததற்குக் குரங்குகளும் ஒரு காரணம்.

தொடர்பு எங்கிருந்து வரும் என்பதையும் கூறிவிடுவோம். தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை 2011-இல் ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இழை பெரும்பாலும் மின்கம்பங்களின் மீது வந்து, ஊரில் ஒரு கட்டடத்தில் முடிவுறுகிறது. அக்கட்டடமும் கணினி உள்ள அறையும் ஒன்றாக இருந்தால் இக்கட்டுரைக்கே தேவையில்லை; கம்பியைச் செருகிவிடலாம். வேறாக இருந்தால் மேலே படிக்க வேண்டுகிறோம்.

வழிகள்

மிக எளிய வழி கைபேசியே. கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் இணைத்து, அமைப்புப் பகுதியில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், கணினி அதனைக் கம்பி வலையாகவே ஏற்றுக்கொள்ளும். ஆண்ட்ராய்டு கைபேசி வைஃபையில் இணைந்திருக்குமாயின் அந்த வைஃபையையே கணினிக்குக் கடத்தும். சிம் அட்டையின் இணையத்தைச் செலவழிக்க வேண்டுவதில்லை. அவசர வேளைக்கு இது சாலச் சிறந்தது. ஆனால் கைபேசி அதன் உரிமையாளரோடு எழுந்து சென்றுவிடும். செயலர் வரி வசூலிக்கத் தெருவுக்குச் சென்றால் அலுவலகத்தின் இணையமும் உடன் செல்லும். நிலையான ஏற்பாடாக இதைக் கொள்வதற்கில்லை.

விரல் அளவான வைஃபை ஏற்பி ஒன்றைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகுவது அடுத்த வழி. விலை மலிவு. எனினும் அதனை இயக்குவதற்குக் கணினியில் ஒரு மென்பொருளைப் பதியவேண்டும். மேலிடத்து அனுமதியின்றி எதையும் பதியமுடியாதவாறு பூட்டப்பட்ட அரசுக் கணினிகள் உண்டு. பழைய கணினிக்கேற்ற மென்பொருள் கிடைக்காமலும் போகலாம். மேலும் ஏற்பி கணினியின் பின்னே, சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும். அலை நன்றாக எட்டும் இடம் அதுவன்று.

நாம் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. வைஃபை வழங்கும் சிறு 'ரௌட்டர்' கருவியை, வழங்குவதற்கு மாறாக வாங்குவதற்குப் பயன்படுத்துவது. பல கருவிகளில் 'கிளையண்ட்' என்றோ 'விஸ்ப்' என்றோ ஒரு முறைமை உண்டு. அம்முறைமையில் கருவி, எதிர்க் கட்டடத்தின் வைஃபையில் ஒரு கைபேசியைப் போலச் சேர்ந்துகொள்ளும். பெற்ற தொடர்பைத் தன் ஈதர்நெட் துளை வழியே வெளிவிடும். அத்துளையிலிருந்து கணினிக்கு லான் கேபிள். கணினி தன்னைக் கம்பி வலையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். அதில் எந்த மென்பொருளும் ஏற்றவேண்டுவதில்லை. கம்பித் துளை மட்டுமே உடைய அச்சுப்பொறியும் இவ்வாறே இணையும். வீட்டுக்குரிய சிறு கருவிகள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. வாங்குமுன் கருவி 'கிளையண்ட்' முறைமையை ஏற்குமா என்று பெட்டியின் மேலுள்ள விவரத்தைப் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. எல்லாக் கருவிகளும் ஏற்பதில்லை.

இவ்வழியிலுள்ள பெரும் நன்மை ஒன்று உண்டு. அலை எங்கே நன்றாக வருகிறதோ அங்கே கருவியை வைக்கலாம். கணினியை நகர்த்த வேண்டுவதில்லை. சன்னலோரத்திலோ மாடிப்படியின் உச்சியிலோ கருவி. அங்கிருந்து இருபது முப்பது மீட்டர் கம்பி. கீழே மேசைமேல் கணினி. கிணற்றில் நீர் உள்ள இடத்திற்குக் குழாயை இறக்குகிறோமேயன்றி வயலைக் கிணற்றுக்குள் இறக்குவதில்லை.

'ரிப்பீட்டர்' என்ற பெயரில் விற்கப்படும் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது அலையை வாங்கி அலையாகவே மறுபடியும் வீசுவது. ஒரே வானொலிப் பகுதி வாங்கவும் கொடுக்கவும் முறைவைத்து உழைப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் பல ரிப்பீட்டர்களில் ஈதர்நெட் துளை ஒன்றும் உண்டு. வாங்குவது அலையாகவும் கொடுப்பது கம்பியாகவும் இருந்தால் இக்குறை நேராது.

அருகில் வைஃபையே இல்லாத ஊரில், சிம் அட்டை ஏற்கும் 4ஜி ரௌட்டரை அமைக்கலாம். ஈதர்நெட் துளை உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். மேலே கூறிய பௌர்ணமி இடர் இதற்கும் உண்டு.

பொருத்தும் விதம்

முதலில் அலையை அளக்கவேண்டும். கைபேசியில் வைஃபை வலிமையைக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அளவு கழித்தல் குறியுடன் டெசிபெல் கணக்கில் காட்டப்படும். கழித்தல் 50 மிக நன்று. 67 வரை போதுமானது. 80-ஐத் தாண்டினால் தொடர்பு அடிக்கடி அறும். எண்ணிக்கையில் ஒவ்வொரு மூன்று குறைவும் வலிமையைப் பாதியாக்குவதாகும். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும், கதவைத் திறந்தும் மூடியும் அளந்து பார்த்து இடத்தைத் தெரிவு செய்தல் நலம்.

கருவியை மின்சாரத்தில் இணைத்து, கணினியிலிருந்து அதற்கு லான் கேபிளைச் செருகி, கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட முகவரியைக் கணினியின் உலாவியில் தட்டச்சு செய்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே முறைமையைத் தேர்ந்து, எதிர்க் கட்டடத்தின் வைஃபை பெயரைக் குறித்து, கடவுச்சொல்லை இடவேண்டும். இவ்வளவே. ஆயினும் ஓரிடத்தில் பலர் இடறுகின்றனர். அதனைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

வலையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் கதவிலக்கம் போன்ற முகவரி உண்டு. பெரும்பாலான வீட்டு ரௌட்டர்கள் தம்மை 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அழைத்துக்கொள்கின்றன. மூன்றாவது எண்ணைத் தெருவின் பெயர் என்றும் நான்காவதைக் கதவிலக்கம் என்றும் கொள்ளலாம். எதிர்க் கட்டடத்தின் ரௌட்டரும் நம் கருவியும் ஒரே தெருப் பெயரைச் சொன்னால், கணினி அனுப்பும் ஓலை எந்தத் தெருவுக்குரியது என்று விளங்காமல் நடுவில் நின்றுவிடும். அமைப்புப் பக்கத்தில் எல்லாம் சரியாகத் தோன்றும்; இணையம் மட்டும் வராது. நம் கருவியின் முகவரியை 192.168.50.1 என்பது போல வேறு தெருவாக மாற்றிவிட்டால் இடர் தீரும். 'விஸ்ப்' முறைமையில் இது கட்டாயம்.

'இருவரும் ஒரே தெருவில் இருக்கக்கூடாதா?' என்று வினவலாம். 'பிரிட்ஜ்' எனப்படும் பால முறைமை அதற்காகவே உள்ளது. ஆனால் வைஃபை விதிப்படி, ஒரு ரௌட்டர் தன்னிடம் பெயர் பதிந்த கருவிக்கு மட்டுமே செவி சாய்க்கும். நம் கருவிக்குப் பின்னே இருக்கும் கணினி அதனிடம் பெயர் பதியவில்லை. ஆகவே உண்மையான பாலம் அமைய இரு புறமும் ஒத்துழைக்கும் தனி ஏற்பாடு தேவை. இரண்டும் ஒரே தயாரிப்பாளரின் கருவிகளாக இருப்பது நல்லது. ஒன்றிரண்டு கணினிகளே உள்ள ஊராட்சி அலுவலகத்திற்கு 'விஸ்ப்' முறைமையே போதும். எதிர்க் கட்டடத்தின் வலையில் உள்ள அச்சுப்பொறியை இங்கிருந்து இயக்கவேண்டுமெனில் மட்டும் பாலத்தை நாடுக.

இணைத்த பின்னரும் தொடர்பு வராவிடில் கணினி தனக்கு எந்த முகவரியைப் பெற்றிருக்கிறது என்று பார்க்கவேண்டும். 169.254 என்று தொடங்கினால் அது எவரும் முகவரி தராததால் கணினி தானே வைத்துக்கொண்ட பெயர். குற்றம் கம்பியிலோ நம் கருவியிலோ உள்ளது. முறையான முகவரி வந்தும் இணையம் இல்லையேல் குற்றம் அப்பால் உள்ளது. இவ்வொரு சோதனையால் பாதி அலைச்சல் மிச்சமாகும். பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது இதனையும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வரமாட்டார்.

தொலைவு அதிகமாயின்

ஒரு கிலோமீட்டர் அப்பாலுள்ள குக்கிராமத்துக் கட்டடத்திற்கு வீட்டு ரௌட்டர் உதவாது. கூரைமேல் பொருத்தும், திசை நோக்கிய ஆண்டெனாவுடன் கூடிய கருவிகள் இரண்டு வேண்டும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதி 2018-லும் உரிமம் பெறாமலே வரையறுத்த வலிமைக்குள் பயன்படுத்துமாறு விடுவிக்கப்பட்டன. எனவே தனி அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆனால் வலிமையின் வரம்பை மீறுதல் குற்றமாகும்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். போதாது. அலை நூல் போலச் செல்வதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில் செல்கிறது. 1 கிலோமீட்டர் தொலைவில், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவழியில் அதன் ஆரம் ஏறத்தாழ 3.6 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆயின் 5.6 மீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்ட வெளியாவது மரமும் கூரையும் இன்றி இருக்கவேண்டும். கோடையில் பொருத்திய இணைப்பு, மழைக்குப்பின் வேப்பமரம் தழைத்ததும் தளர்ந்துபோவது இதனால்தான். மரத்தை வெட்டுவதைவிடக் கம்பத்தை ஒரு குழாய் அளவு உயர்த்துவதே மேல்.

மின்சாரம், இடி, பூட்டு

தேனியின் பாடத்துக்கு வருவோம். இக்கருவிகள் உண்பது மிகச் சிறிது. ஐந்து முதல் பத்து வாட் வரை. ஆனால் அவை மென்மையானவை. பம்புசெட் நின்று ஓடும் வேளையில் மின்னழுத்தம் எழுந்து விழும் ஊர்களில், கருவியை நேரே சுவர்த் துளையில் செருகுவது ஆபத்து. ரௌட்டருக்கென்றே சிறு பாட்டரிப் பெட்டிகள் கிடைக்கின்றன. மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் ஓடும். கருவிக்கு 9 வோல்ட் வேண்டுமா 12 வோல்ட் வேண்டுமா என்று பார்த்து இணைக்கவேண்டும். துளை பொருந்துகிறது என்பதால் வோல்ட்டும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இடி தொடங்கியதும் மின்சாரச் செருகியை மட்டுமின்றி, கூரையிலிருந்து வரும் லான் கேபிளையும் கழற்றிவிடவேண்டும். மின்னல் அக்கம்பி வழியாகவும் இறங்கும். கூரைக் கருவிக்கு நிலத்தொடர்பு கட்டாயம். வெளிக்கம்பியைக் குழாய்க்குள் செலுத்தினால் வெயிலிலிருந்தும் மேலே கூறிய குரங்குகளிடமிருந்தும் காப்பாற்றலாம்.

பூட்டைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். கருவியோடு வரும் 'அட்மின்' கடவுச்சொல்லை அன்றே மாற்றவேண்டும். வைஃபைக்கு 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது அதனினும் புதிய பூட்டு வேண்டும். கருவி தானும் ஒரு வைஃபையை வீசிக்கொண்டிருந்தால், தேவையில்லையேல் நிறுத்திவிடுக. ரமணாசிரமம் பகுதியில் விடுதிகளும் உணவகங்களும் மிகுதி. கடவுச்சொல் இல்லாத வைஃபையும் ஆங்காங்கே கிடைக்கும். அவற்றில் ஊராட்சியின் கணினியை இணைத்தல் அறவே கூடாது. பக்கத்து வீட்டாரின் வைஃபையைப் பயன்படுத்துவதாயின் அவருடைய இசைவு எழுத்தில் இருத்தல் வேண்டும். அவ்விணைப்பின் வழியாக நடப்பவற்றுக்கு முதலில் வினவப்படுபவர் அவரே. மின்னணுக் கையொப்பச் சாவியை வேலை முடிந்தவுடன் கணினியிலிருந்து எடுத்துப் பூட்டி வைக்கவேண்டும். அதனைச் செருகியபடியே விட்டுச் செல்வது, கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகளை மேசைமேல் வைத்துச் செல்வதற்கு ஒப்பாகும்.

கருவியை வாங்கியபின் இருப்புப் பதிவேட்டில் பதிவதோடு, மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி அப்பதிவேட்டில் ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்: கருவிக்கு நாம் இட்ட முகவரி, அது எந்த வைஃபையில் சேர்ந்திருக்கிறது என்பது, எத்தனை வோல்ட் மின்சாரம் வேண்டும் என்பது. கடவுச்சொல்லை மட்டும் அத்தாளில் எழுதாமல், உறையில் இட்டு முத்திரையிட்டு ரொக்கப் பெட்டியில் வைக்கவேண்டும். செயலர் மாறுதலாகிச் செல்லும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அவ்வுறையையும் சேர்த்தல் வேண்டும்.